உயிரோடு இருப்பவர்களின் பெட்டி

1

நான் கடல் தாண்டிப் போனவன் அல்ல. ஜோலார்பேட்டையைத் தாண்டினேன், அவ்வளவுதான். காலையில் வாணியம்பாடியில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூர் வந்துவிடலாம். அதனால் ஊரில் யாரும் என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று ஒப்புக்கொள்வதில்லை. "துபாயா, சிங்கப்பூரா? பெங்களூர்தானே" என்பார்கள்.

ஆனால் பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மகள் நிலாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். அவளைச் சொல்லி என்ன, போன தடவை ஊருக்குப் போனபோது மளிகைக் கடையில் நானே "சில்லறை கொடி" என்று கேட்டுவிட்டேன். 'கொடுங்கள்' என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "துணி காயப்போடற கொடியா? அது நம்மகிட்ட இல்ல சார், எதிர்க்கடையில கேளுங்க" என்றார்.

இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அம்மாவின் முதல் வருஷ திவசம். அல்சூரில் ஒரு சின்னக் கூடத்தில் நடந்தது. புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார்.

"அம்மா பேரு?"

"எழிலரசி."

"அவங்க மாமியார்?"

"ராஜம்மாள்."

"அவங்களுக்கு மாமியார்?"

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டாலும் குரல் இன்னும் பஸ் கண்டக்டர் குரல்தான். வாணியம்பாடி–திருப்பத்தூர் ரூட்டில் காலமெல்லாம் கத்திப் பழகிய குரல். அன்றைக்கு அது மெதுவாக வந்தது.

"கிழவின்னுதான் கூப்பிடுவாங்க."

புரோகிதர் இதற்கெல்லாம் பழகியவர். அதற்குப் பதிலாக ஒரு புண்ணிய நதியின் பெயரைச் சொல்லி மேலே போய்விட்டார். எனக்குத்தான் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் பெற்ற பிள்ளையின் பிள்ளையின் பிள்ளை நான். அவளுக்கென்று ஒரு பெயர்கூட எங்கள் கையில் மிச்சமில்லை.

2

அம்மாவின் பெயரே அதற்குள் ஒரு பாடு பட்டிருந்தது. அவள் காலமானது பெங்களூரில் என்பதால் இறப்புச் சான்றிதழ் கன்னடத்தில் வந்தது. இன்றைய கன்னடத்தில் ழ கிடையாது. எழிலரசியான அம்மா எளிலரசி ஆகிவிட்டாள். அதைத் தமிழாக்கி ஊரில் வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுத்தபோது, "இது வேற ஆளு சார்" என்றார்கள். இங்கே வந்து கேட்டால், "சரியாத்தானே இருக்கு, நீங்களே ஓதி பாருங்க" என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னது நியாயம்தான். கடைசியில், இரண்டு பெயரும் ஒரே பெண்மணிதான் என்று நான் நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுத்து அம்மாவை அம்மாவாக்க வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலைப் பார்த்துத்தான் நிலா அந்த இணையதளத்தைக் காட்டினாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து, எல்லாக் குடும்பங்களுக்குமாக ஒரே ஒரு மரத்தை வளர்க்கும் இடம் அது. தனித்தனி மரங்கள் கிடையாது. ஒரு மனிதருக்கு ஒரு பெட்டி. உங்கள் தாத்தாவும் என் தாத்தாவும் ஒருவரே என்றால் இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இறந்தவர்களின் பெட்டி எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவர்களின் பெட்டி மூடியிருக்கும். அங்கே ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் வெளியே தெரியும். பெயர், ஊர், படம் எல்லாம் குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே.

முதல் பெட்டியிலேயே சிக்கல். குடும்பப்பெயர் என்ன என்று கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா மு. தனபால். நான் த. மோகன். மகள் பள்ளிக்கூடத்துக்காக நிலா மோகன் ஆனவள். வங்கியிலிருந்து போன் வந்தால் என்னை "மிஸ்டர் தனபால்" என்பார்கள். அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் பலமுறை போனை அவரிடம் நீட்டியிருக்கிறேன். மரத்தில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். நியூசிலாந்திலிருந்து ஹெலன் என்ற ஒரு பெண்மணி பதில் எழுதினார். பணி ஓய்வு பெற்ற செவிலியர், இந்தியப் பக்கத்துக் கிளைகளைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்பவர். அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

அதே ஹெலன் மறுவாரம் ஒரு காரியம் செய்தார். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். முனுசாமி, அவர் மகன் கோவிந்தன், கோவிந்தனின் மகன் மறுபடி முனுசாமி. நான் தவறுதலாக ஒருவரையே இரண்டு முறை போட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டு முனுசாமிகளையும் ஒன்றாக்கிவிட்டார். ஒரே ராத்திரியில் என் தாத்தா தனக்குத்தானே தாத்தா ஆகிவிட்டார். நிலா சிரித்துக் கீழே விழாத குறை. ஹெலன் மன்னிப்புக் கேட்டுப் பிரித்துவிட்டார். அதன்பின் எங்கள் பக்கம் எதைத் தொடுவதென்றாலும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் தொட்டார்.

3

அப்பாவின் தலைமுறைக்கு வந்தபோது இரண்டு பெட்டிகள் போட்டேன். ஒன்று அப்பா. உயிரோடு இருப்பதால் அது மூடிக்கொண்டது. இன்னொன்று அவருடைய தங்கை கஸ்தூரி.

கஸ்தூரி அத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வரிதான். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு அத்தை இருந்தாள், கல்யாண வயதில் காமாலை வந்து போய்விட்டாள். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டபோது இதைச் சொன்னார். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் அவளுக்கு மாலை போட்ட படம் எதுவும் இருந்ததில்லை. அதையும் நான் யோசித்ததில்லை. 'கஸ்தூரி, தகப்பனார் முனுசாமி, வாணியம்பாடி, காலமாகிவிட்டார்' என்று போட்டேன். பெட்டி திறந்துகொண்டது. உலகத்துக்கே தெரியும்படி நின்றது.

சில மாதங்கள் கழித்து அந்தத் தளத்திலேயே ஒரு செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சார், நமஸ்காரம். என் பேரு ஷமீம். நீங்க போட்டிருக்கற கஸ்தூரி எங்க அம்மி. அவங்க உயிரோட இருக்காங்க. இப்ப பக்கத்துலதான் உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருக்காங்க. தயவுசெஞ்சு மாத்துங்க."

மூன்று முறை படித்தேன். ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கஸ்தூரி என்று வாணியம்பாடியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? உங்கள் அம்மாவின் அண்ணன் பெயர் என்ன என்று கேட்டு எழுதினேன். அப்பாவின் பெட்டி மூடியிருப்பதால் அந்தப் பெயர் வெளியாருக்குத் தெரிய வழியில்லை.

உடனே பதில் வந்தது. "தனபால் மாமா. பஸ் கண்டக்டர். குரல் பெருசா இருக்கும்னு சொல்வாங்க. அவரு இருக்காரா சார்?"

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மலேசியா, தென்னாப்பிரிக்கா என்று வரும் என எதிர்பார்த்தேன். "நீலசந்திரா" என்று வந்தது. என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

4

ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். ஷமீம் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்னைவிட ஓரிரண்டு வயது இளையவள். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்ததும் தயங்காமல் நேரே என் மேஜைக்கு வந்துவிட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூக்கு சார். எங்க அம்மி மூக்கு."

டீயும், தேங்காய் வைத்த தில்பசந்து ரொட்டியும் சொல்லிவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா அன்வர் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். என் அப்பாவின் நெருங்கிய சிநேகிதர். ஒரே சைக்கிளில் இருவரும் சுற்றுவார்களாம். எங்கள் வீட்டு ரேடியோ அடிக்கடி கெட்டுப்போகும். அதை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொடுப்பார். அப்படித்தான் அத்தையோடு பழக்கம். ஒருநாள் இருவரும் ரயிலேறி பெங்களூர் வந்துவிட்டார்கள். அத்தைக்கு குர்ஷித் என்று பெயர் வைத்தார்கள். அதைக் காகிதங்களில் மட்டும்தான் எழுதுவார்கள், வீட்டில் அவர் கடைசிவரை கஸ்தூரி என்றுதான் கூப்பிட்டாராம்.

"கடைசிவரைன்னா?"

"அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு சார். அதுக்கப்புறம்தான் அம்மி ஊரப் பத்தியே பேச ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் வாயே தொறக்கல. எங்க அண்ணன் இருக்காரா, இல்லையான்னு ஒரே கேள்வி. சரி, தேடித்தான் பாக்கலாமேன்னு அம்மி பேரப் போட்டேன். செத்துட்டாங்கன்னு வந்துச்சு."

"மன்னிச்சுக்குங்க."

"அத விடுங்க. பக்கத்துல ஒரு பெட்டி மூடியிருந்துச்சு. ஏன் மூடியிருக்குன்னு அதுலயே போட்டிருந்துச்சு. 'அம்மி, உங்க அண்ணன் பெட்டி பூட்டியிருக்கு, அப்டின்னா இருக்காரு'ன்னு கத்தினேன். தான் செத்துட்டதா போட்டிருக்கறது அவங்களுக்கு ஒரு விஷயமாவே படல. அண்ணன் இருக்காருன்னு தெருவுல பத்து பேருக்குச் சொல்லிட்டாங்க."

நான் டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். மாற்றிவிடுகிறேன், ஆனால் அதற்குமுன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றேன்.

ஷமீம் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அம்மி உயிரோட இருக்கறதுக்கு உங்க அப்பாவோட பர்மிஷன் வேணுமா சார்?"

போனை எடுத்தேன். 'காலமாகிவிட்டார்' என்ற இடத்தைத் தொட்டு 'உயிரோடு இருக்கிறார்' என்று மாற்றினேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றேன்.

ஷமீம் தன் போனைப் பார்த்தாள். "ஐயோ, அம்மி காணோம்!"

பெட்டி மூடிக்கொண்டுவிட்டது. அத்தை செத்திருந்தவரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயிர் வந்ததும் பெற்ற மகளுக்கே தெரியவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். அவளைக் குடும்பத்தில் சேர்த்தால்தான் தெரியும். சேர்க்கப் போனால், இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. ஆங்கிலத்தில் 'கசின்' என்று ஒரே வார்த்தை, தொட்டால் முடிந்தது. தமிழில் அவள் என் அத்தை மகள்.

"நான் உங்கள என்னன்னு கூப்டணும்?" என்றாள்.

"முறைப்படி பார்த்தா மச்சான்னு கூப்பிடணும்."

"அய்யய்யோ, எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா என்னா நெனைப்பாரு! அண்ணான்னே கூப்டறேன்."

பெங்களூரில் ஆட்டோ ஓட்டுபவர், பூ விற்பவர், மேலதிகாரி எல்லோருமே அண்ணாதான். இந்த ஊரின் அந்த ஒரு சொல்லுக்கு அன்றைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் ஹெலனிடமிருந்து செய்தி வந்திருந்தது. மரத்தில் நடக்கும் மாற்றங்கள் அவருக்குத் தெரியும். 'இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம் போவதைத்தான் பதிந்திருக்கிறேன். இந்தப் பக்கம் திரும்பி வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் அத்தைக்கு என் வணக்கம்' என்று எழுதியிருந்தார்.

5

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னேன். பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கஸ்தூரி அத்தை உயிரோட இருக்காங்க."

பேப்பரை மடித்தார். அதிர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை. அதைப் பார்த்ததும் இவருக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"யாரு சொன்னது?"

"அவங்க பொண்ணு. ஷமீம்னு பேரு. இங்கதான் நீலசந்திராவுல இருக்காங்க."

"பொண்ணு இருக்கா?" என்றார். ஒரு கணம் குரல் மாறியது. உடனே பழைய குரல் வந்துவிட்டது. "எனக்குத் தங்கச்சி இல்ல. நைனா தலை முழுகிட்டாரு. நானும் முழுகினேன். அதோட முடிஞ்சுபோச்சு. இன்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"அன்வர்னு..."

"அந்தப் பேரை இந்த வீட்ல எடுக்காத."

எழுந்து உள்ளே போய்விட்டார். அன்வர் இறந்த செய்தியைச் சொல்லத்தான் அந்தப் பெயரை எடுத்தேன். சொல்ல முடியவில்லை. என் மனைவி சுமதி, "விடுங்க, அவரே வரட்டும்" என்றாள். விட்டுவிட்டேன். ஷமீம் ஓரிரு முறை போன் செய்து பக்குவமாகக் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அம்மி தினமும் கேக்கறாங்கண்ணா. நான் என்னா சொல்றது?" என்றாள்.

அப்பா வழக்கம்போல் நடக்கப் போனார், வந்தார், சாப்பிட்டார். கீழ்வீட்டு நாகராஜப்பாவோடு கிரிக்கெட் பேசினார். பார்ப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் ஐம்பது வருடங்களாக ஒரு மனிதர் ஒரே பொய்யைத் தினசரி சாதம் போல் எப்படிச் சாப்பிட்டு வந்தார் என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடங்களில் அவரோடு இருந்தும் அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று தோன்றியது. பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று இங்கே வந்தவர்கள் எல்லோரும் குறைப்படுகிறோம். நாம் பெற்றவர்களிடம் எவ்வளவு நெருங்கியிருந்தோம் என்று யோசிப்பதில்லை.

6

காரியத்தைச் செய்தது நிலா. தெரிந்து செய்யவில்லை. அவளும் ஷமீமும் எனக்குத் தெரியாமலே தினமும் செய்தி அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்கள். ஷமீம் அனுப்பிய விவரங்களை வைத்து அத்தைக்குப் பக்கத்தில் அன்வரின் பெட்டியைப் போட்டு, படமும் ஏற்றியிருந்தாள். அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் போனை அவரிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளைத் தாடி வைத்த ஒரு முதியவர், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு பேரக்குழந்தை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அன்வர் ஜாடை தெரியுது."

"அன்வர்தான் தாத்தா."

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிலாவிடம், "இருக்கறவங்களோடது தெரியாதுன்னு சொன்னியே. இது மட்டும் எப்பிடித் தெரியுது?" என்றார்.

நிலா என்னைப் பார்த்தாள். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சாம்ப்பா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி வைத்தார்.

"ரேடியோவைப் பிரிச்சிப் போட்டுட்டு, திருப்பி மாட்டத் தெரியாம முழிப்பான். நான்தான் ஸ்க்ரூவ எண்ணி எண்ணிக் கொடுப்பேன்" என்றார். "அவன் எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா தாத்தா?" என்றாள் நிலா.

"மாட்டேன். ஒதச்சிருப்பேன்." சற்றுநேரம் கழித்து, "ஆனா கேட்டிருக்கலாம். ஃப்ரெண்டுதானே" என்றார்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அத்தை போனபோது அப்பாவுக்கு ஆம்பூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் பெண் வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் ஒரே கேள்வி, சிரிப்பு. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போதுகூட, "தங்கச்சி எந்த ஊர்ல எறங்கினா?" என்று ஒருவன் கேட்டானாம். தாத்தா எல்லோரையும் உட்காரவைத்து, இனி கேட்பவர்களிடம் அவள் செத்துவிட்டாள் என்று சொல்லுங்கள் என்றாராம். நாலு வருடம் யாரும் பெண் கொடுக்கவில்லை. அப்புறம் இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று சொன்ன ஒரு கட்சிக்காரர் தன் மகளைக் கொடுத்தார். அந்த மகள்தான் எழிலரசி, என் அம்மா.

நிலா கணக்குப் போடுவதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்தப் பாட்டி அன்னிக்கு ரயில் ஏறலைன்னா அப்பா இல்ல, நானும் இல்ல. இல்லியா தாத்தா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒருநாளும் யோசித்ததில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ நம்பர் இருக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் நம்பரைப் போடப் போனேன். "வேணாம், போன்ல வேணாம். நேர்ல போலாம்" என்றார்.

7

நீலசந்திராவில் ஆட்டோ உள்ளே போகாத சந்து. மாடிப்படி குறுகல். நானும் ஷமீமின் கணவரும் ஆளுக்கொரு கையைப் பிடிக்கப் போனோம். "விடுங்கடா, ஓடற பஸ்ல ஏறினவன் நான்" என்று அப்பா தனியாகவே ஏறினார்.

அத்தை கதவருகிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, தலையில் முந்தானை. ஷமீம் சொன்ன அந்த மூக்கு. இருவரும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கற்பனை செய்து வைத்திருந்த அழுகை எதுவும் நடக்கவில்லை.

"அண்ணா, காது கேக்குதா உனக்கு?" என்றாள் அத்தை, சத்தமாக.

"கேக்குது. கத்தாத."

"உள்ள வா."

அப்பா உட்கார்ந்தார். அத்தை எதிரில் கட்டிலில் உட்கார்ந்தாள். இவருடைய அதே குரல் அவளுக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சிறிய அறையில் இரண்டு கண்டக்டர்கள் பேசுவதுபோல் இருந்தது.

"செத்துட்டேன்னு சொன்னியாமே?"

"நைனா சொல்லச் சொன்னாரு."

"நைனா போனப்புறம் யாரு சொல்லச் சொன்னா?"

அப்பா தரையைப் பார்த்தார். ஷமீம் என்னைப் பார்த்தாள். அடுத்த வீட்டு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"வாய் பழகிப்போச்சு கஸ்தூரி" என்றார்.

அத்தை அதை ஒப்புக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குக் காமாலைன்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்."

"வேற நல்ல நோவு எதுவும் கெடைக்கலியா உனக்கு?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். அப்பா எழுந்து போய் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். ஷமீம் எங்களையெல்லாம் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது, கோவிந்தன் தாத்தாவின் மனைவி பெயர் தெரியுமா என்று அத்தையிடம் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "கிழவின்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். அந்தப் பெட்டி இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கிறது. ஹெலனும் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டார்.

கை கழுவிவிட்டு அப்பா ஷமீமிடம், "அன்வரை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவள் கணவர் எங்களை அழைத்துப்போனார். அவரை அடக்கம் செய்த மையவாடியின் வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். அப்பா மட்டும் உள்ளே போனார். வெயில் தாழும்வரை வரவில்லை. அங்கே என்ன பேசினார், பேசினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆட்டோவில் திரும்பி வரும்போது, "நல்ல நெழலு இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

8

ஐம்பது வருடம் போனது போனதுதான். அத்தைக்கு அப்பாமேல் இன்னும் சில கோபங்கள் உண்டு. தாத்தா இறந்தபோது தனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்பதைப் பேச்சுக்குப் பேச்சு எடுப்பாள். அப்பா அந்தச் சமயங்களில் காது கேட்காதவர்போல் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் இப்போது வாரம் ஒருமுறை போய்விடுகிறார். இரண்டு நாள் தங்கிவிட்டும் வருகிறார். ஊரிலிருந்து சித்தப்பா முறை உள்ள ஒருவர் போன் செய்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார். "உனக்கு வேற வேலையில்லையா?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

போன வாரம் அப்பாவை அழைத்துவந்து எங்கள் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு நாகராஜப்பா கதவைத் திறந்தார். கன்னடக்காரர். அப்பாவிடம் பேசுவதற்கென்றே ஒரு தமிழ் வைத்திருக்கிறார்.

"ஏன் சார், ரெண்டு தினம் காணவே இல்ல? ஊருக்கா ஓகித்ரி?"

"இல்ல சார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்."

"தங்கச்சி? ஊர்ல?"

"இங்கதான். நீலசந்திரா."

நாகராஜப்பா வாயைப் பிளந்தார். "இத்தன வருஷமா பேசறோம். தங்கச்சி இருக்காங்கன்னு ஹேளவே இல்லியே சார் நீங்க!"

அப்பா படியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"இருக்கா" என்றார். மூன்று மாடிக்கும் கேட்டது.